கரடியின் கால்விரல்கள்

தேனுக்காக ஏறிய மரத்திலிருந்து விழுந்து, மாடன் என்ற கரடிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அவன் காலுக்குக் கட்டுப்போட்ட நாரை வைத்தியர், "இந்த மருந்தை விடாமல் குடி. கால்விரல்களை அசைத்துக்கொண்டே இரு" என்றார்.

பார்க்க வந்த குரங்கோ, "அசைந்தால் எலும்பு விலகிவிடும் அண்ணே!" என்று பயமுறுத்தியது. மாடன் மரக்கட்டையாகக் கிடந்தான்.

மறுநாள் வந்து பார்த்த நாரை கோபப்பட்டார். "அசையாத காலில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அது நெஞ்சுக்கு ஏறினால் மூச்சே நின்றுபோகும்!"

மாடன் உடனே மருந்தைக் குடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பெருவிரலை மடக்கினான். உயிர் போய் உயிர் வந்தது. குரங்கு கத்தக் கத்த, மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தான்.

எலும்பு கூடியதும் நாரை அவன் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். "வீக்கமே இல்லை. ஜெயித்துவிட்டாய், இந்தக் குளத்தைச் சுற்றி நட!"

விழப்போகிறான் என்று குரங்கு கண்ணை மூடிக்கொண்டது. திறந்தபோது மாடன் குளத்தின் மறுகரையில் நின்று, "வாடா தம்பி!" என்று கையசைத்துக்கொண்டிருந்தான்.