எலியற்ற குடியிருப்பு

காய்ச்சலில் யாழினியின் கண்கள் மஞ்சளாகியிருந்தன. மருத்துவமனையின் கணினித் திரை எலிக்காய்ச்சல் மருந்தைத் தர மறுத்தது: "உங்கள் குடியிருப்பு எலியற்றது எனச் சான்று பெற்றது. இந்நோய் உங்களுக்கு வராது."

அவள் அம்மா சுகந்தி குடியிருப்புச் சங்கச் செயலாளரை அழைத்தாள். "சார், நேத்துகூட மாடிப்படியில எலி ஓடுச்சு. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஓடட்டும்மா. சான்று போச்சுன்னா நம்ம கட்டடத்துக்கு யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்க."

"அப்ப என் பொண்ணு?"

"டெங்குன்னு கேட்டுப் பாருங்களேன்."

சான்றாக ஓர் எலியைப் படமெடுக்கச் சுகந்தி வீட்டுக்கு ஓடினாள். எந்த எலியும் படத்துக்கு நிற்கவில்லை. வாசல் பிள்ளையாரின் காலடியில் இருந்த கல் மூஞ்சூறைப் படமெடுத்து அனுப்பினாள். திரை உடனே ஏற்றுக்கொண்டது. யாழினிக்கு ஊசி போட்டார்கள்.

மறுநாள் எலி ஒழிப்பு ஆட்கள் வந்து மூஞ்சூறைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். சான்று புதுப்பிக்கப்பட்டது. காலியான பீடத்தில் ஓர் எலி உட்கார்ந்து கொழுக்கட்டை தின்றது.