ஆசிட் டிரம் கூப்பிடும் முறை

அந்த ஆலையில் ஆசிட் டிரம்கள், தங்களால் இறந்தவர்களின் கடைசிப் பேச்சைக் கொண்டுதான் எச்சரிக்கும். ஒழுங்காக வேலை பார்த்தால் வாய் திறக்காது. தப்புச் செய்யப் போனால்தான் பேசும்.

ஏழாம் நம்பர் டிரம்மில் இருந்தது, போன வருஷம் ஆசிட் தெறித்து இறந்த துரைப்பாண்டியின் குரல். அதை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று அவன் மனைவி முத்துக்கனி, அங்கேயே வேலை பார்க்கும் தன் அண்ணன் இசக்கியை வருஷம் முழுக்க நச்சரித்தாள். சொல்லிவந்த சாக்கெல்லாம் தீர்ந்துபோய் இன்று அவளை உள்ளே கூட்டி வந்தான்.

ஒரு குவளைத் தண்ணீரை டிரம்மின் வாயருகே கொண்டுபோனதும் டிரம் கத்தியது.

"மச்சான், ஆசிட்ல தண்ணிய ஊத்தாதீய, தெறிச்சிரும்! தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும்!"

முத்துக்கனி முகக்கவசத்துக்குள்ளேயே அழுதாள். துடைக்கக்கூட வழியில்லை.

"அவியளேதான். இன்னொரு தடவ வையிண்ணே."

வைத்தான். டிரம் அதையே சொன்னது. அவள் அழுகை நின்றுவிட்டது.

"அது எல்லாரையும் மச்சான்னுதான் கூப்பிடும்," என்றான் இசக்கி அவசரமாக. "பயலுவ சிரிப்பானுவ."

"டிரம் கூப்பிடும். அவிய எல்லாரையும் அண்ணாச்சின்னுதான சொல்லுவாவ?" என்றாள். "அன்னைக்குத் தண்ணிய ஊத்துனது யாருன்னே தெரியலன்னு சொன்னியே... அவியளுக்கு எத்தன மச்சாண்ணே?"

இசக்கிக்குக் குவளையை விலக்கத் தோன்றவில்லை. அது சாய்ந்து தண்ணீர் விளிம்புக்கு வந்தபோது, டிரம் மூன்றாவது தடவையாக அவனைக் கூப்பிட்டது.