மீட்டரை அலறவைத்த இழை

"மூச்சைக்கூட மெதுவா விடும்மா, பறந்துடப் போகுது" என்றார் பேராசிரியர். இடுக்கி நுனியில் தொங்கிய கறுப்பு இழையை ஆய்வு மாணவி மீட்டரில் மாட்டினாள். மீட்டர் அலறியது.

அவ்வளவு மின்சாரம் அதில் ஓடியது. ஓர் அணுவே தடிமனான கிராஃபீன் என்ற கரித் தகடுகளைத் தண்ணீரில் கலக்கி, அந்தக் கறுப்புக் கரைசலை ஊசி வழியே தொட்டியில் பிழிந்து நூலாக்குவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வருடக்கணக்காகத் தண்ணி காட்டிய நூல், அன்று காலை மேஜைமேல் தானாகவே கிடந்தது.

"எந்தத் தொட்டியில வந்தது?"

"தெரியல சார். நேத்து நீங்க உக்காந்து திருத்தின பேப்பர்மேல ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

"ஒரு முனை மட்டும் வெள்ளையா இருக்கே?"

"அங்க கரைசல் ஏறல போல சார்."

"பிரமாதம். அந்த வெள்ளை முனையைப் பத்தியே தனியா ஒரு கட்டுரை எழுதலாம்."

ஓய்வு பெறப்போகிற வயதிலும் தலை காக்கைக் கறுப்பாக இருக்கிற மனிதர். சந்தோஷத்தில் அன்றைக்கு இன்னும் இளமையாகத் தெரிந்தார்.

சந்தோஷம் அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் தலைகீழாக நின்று பிழிந்த எந்த நூலுக்கும் மீட்டர் வாயே திறக்கவில்லை. நிதி கொடுக்கும் குழுவோ நாளைக்கு வருகிறது. ஓர் இழை போதாது, ஒரு கொத்தாவது காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா, கூடவே அவளுடைய டாக்டர் பட்டத்துக்கும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒண்ணு செய்யத் தெரிஞ்சவளுக்கு இன்னொண்ணு செய்யத் தெரியாதா?" என்று பேராசிரியர் தலையைப் பிய்த்துக்கொண்டார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பிய்த்துக்கொண்டார். ஒரு முடி மேஜையில் விழுந்தது.

மேஜையில் கறுப்பாக எது கிடந்தாலும் மாட்டிப் பார்ப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. மாட்டினாள்.

மீட்டர் அலறியது.

அவள் முடியைத் தூக்கிப் பார்த்தாள். இதற்கும் ஒரு முனை வெள்ளை. பிறகு பேராசிரியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மிஞ்சுற கரைசலைக் கீழ கொட்ட மனசு வரலம்மா. கடையில விக்கிற ஹேர் டை எனக்கு அரிக்குது."

மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு இடுக்கியைக் கையில் எடுத்தாள்.

"கொஞ்சம் குனிங்க சார்."