இடுப்பளவும் அலாரமும்

கட்டிங் மேசைமேல் கிடந்த போன் வீல் வீலென்று அலறியது. தையல்காரர் திடுக்கிட்டுப் போனார்.

ஏனென்றால் இந்த முறை அவர் ஒன்றுமே செய்யவில்லை.

கடையை ஒட்டிய வீட்டுக்குள் அவர் மனைவியின் போனும் சேர்ந்துகொண்டு அலறியது. அவருடைய இடது மேற்கையின் பின்புறம் கோட்டுப் பொத்தான் போல ஒட்டியிருக்கும் சென்சார், ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டால் இரண்டு போனுக்கும் போட்டுக்கொடுத்துவிடும்.

மூன்று நாளாக அந்த வீட்டில் வாயைத் திறந்தவை அந்த இரண்டு போன்கள்தான்.

தப்பு அவருடையது. அதில் அவருக்கே சந்தேகம் இல்லை. மனைவிக்குப் புது உடை தைக்க அளவெடுத்தார். எண்களைக் கடை முழுக்கக் கேட்கும்படி கூவுவது அவருக்குத் தொழிலோடு வந்த பழக்கம். குறித்துக்கொள்பவர் மூலையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் பெரியவர். அவருக்குக் காது மந்தம். அன்று டேப்பை மனைவியின் இடுப்பைச் சுற்றிப் போட்டவர், யார் இடுப்பு என்று யோசிக்காமல் வழக்கம்போல் கூவிவிட்டார்.

“இடுப்பு, போன தடவைய விட ரெண்டு இன்ச் கூட. எழுதிக்கோங்க.”

பெஞ்சில் அவள் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். போதாக்குறைக்குக் காஜாப் பெரியவர் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

இவரும் சொன்னார்.

அத்தோடு அவள் வாயை மூடியவள்தான். நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, மடித்த சட்டை வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் சுவரைப் பார்த்தாள். இப்போதுபோல் பள்ளி விடுமுறை என்றால் உள்ளிருந்து கடைவரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பவள் அவள். அந்தக் குரல் இல்லாமல் தையல் மெஷினின் சத்தம் அவருக்குத் தலைவலியாக இருந்தது. இத்தனை வருடமாக மெஷின் இவ்வளவு சத்தம் போட்டிருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் நொந்துபோய் நிலைக்கதவில் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் அலாரம். உடம்புக்கு ஒன்றுமில்லை, கைக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டி நசுங்கிய சென்சார்தான் குழம்பிப்போய்க் கூப்பாடு போட்டது. அப்படி அழுத்தம் பட்டால் பொய்யாகக் கத்தும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அவர் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், தலையில் ஷாம்பூ நுரையோடு அவள் ஓடி வந்து எலுமிச்சைச் சாற்றை நீட்டிவிட்டாள்.

“குடிங்க.”

ஒரே ஒரு சொல். ஆனாலும் அவருக்குக் காது குளிர்ந்துவிட்டது. சாறும் நல்ல தித்திப்பு. உண்மையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மடமடவென்று குடித்தார்.

அன்றிலிருந்து, மனசு கேட்காதபோதெல்லாம் மனிதர் நிலைக்கதவுக்குப் போய்விடுவார். தெருவை வேடிக்கை பார்க்கிற பாவனையில் இடது கையை வைத்து நன்றாக அழுத்துவார். அலாரம் அலறும். அவள் போட்டது போட்டபடி ஓடி வருவாள். வலது கையில் டம்ளர், இடது கை முஷ்டி மடக்கியபடி. முதலில் அவர் நெற்றியை ஒரு முறை முறைப்பாள். பிறகு அந்த ஒரு சொல்.

முதல் தடவைக்குப் பிறகு சாறு வெறும் புளிப்பாகத்தான் வந்தது. கோபம் ஏறிக்கொண்டே போகிறது, சர்க்கரை போடக்கூட அவளுக்குக் கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த முஷ்டியைப் பார்க்க அவருக்கு உள்ளூர உதறல். ஒரு நாள் குத்து விழத்தான் போகிறது. விழுந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று காலை அவள் தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டவர், அதை மறந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். நிலைக்கதவுப் பக்கமே போகக் கூடாது என்று வைராக்கியத்தோடு மெஷினில் உட்கார்ந்தார்.

ஊசியில் நூல் நுழைய மறுத்தது. ஊசிக்காது ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. விரல்கள் தானாக ஆடின. சட்டை முதுகோடு ஒட்டியது. அப்போதுதான் போன் அலறியது.

அவள் ஓடி வந்தாள். வழக்கம்போல் நெற்றியைப் பார்த்தாள்.

டம்ளரை நீட்டவில்லை. மேசையில் வைத்துவிட்டாள்.

குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே அவர் நினைத்துவிட்டார். என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் உளறினார்.

“சத்தியமா நான் இன்னிக்கு அழுத்தவே இல்ல.”

இத்தனை நாள் எதுவும் சரியாகக் கேட்காத காஜாப் பெரியவருக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டுவிட்டது. ஊசியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவள் இடது முஷ்டியைத் தூக்கினாள். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

குத்து விழவில்லை. வாய்க்குள் ஏதோ திணிக்கப்பட்டது. இனித்தது.

“தெரியும். அழுத்துற அன்னிக்கு உங்களுக்கு வேர்க்காது. மெல்லுங்க மொதல்ல.”

மூன்று நாளில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. கண் கலங்க, மென்றுகொண்டே கண்ணைத் திறந்தார்.

விரிந்த உள்ளங்கையில் இன்னும் மூன்று குளுக்கோஸ் மாத்திரைகள் இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் மழுங்கியிருந்தன. கைரேகைக்குள் மாவு படிந்து, காய்ந்து, மறுபடி ஈரமாகியிருந்தது.