பழைய படத்தில் இல்லாத அலை

பாருங்கள் பிள்ளைகளே, பின்னேரம்தான். ஆனாலும் கிண்ணியாவில் மழை வீட்டை இருட்டாக்கிவிட்டது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போன முனீபின் போனுக்கு இன்னும் அழைப்புப் போகவில்லை. பழைய படமொன்றைப் புதிதாக எடுத்திருப்பதை அவன் மனைவி ஷிஃபானா கதிரை நுனியில் உட்கார்ந்து டிவியில் பார்க்கிறாள். "பயப்புடாத மகள், அதே கதைதான். கடைசியில தோணி கரைக்கு வரும்," என்கிறாள், வெங்காயம் உரிக்கும் மாமி, முனீபின் தாய் ஸல்ஹா. "புதுசா என்னத்தச் சேர்க்கப்போறாங்க? கலரத்தான்." ஷிஃபானா சிரிக்கப் பார்க்கிறாள். திரையில் தோணி கரையை நெருங்குகிறது. அதன் பின்னால் ஓர் அலை எழுகிறது. மாமியின் கை நிற்கிறது. "இது அதில இல்லையே..." தோணி சரிகிறது. "நிப்பாட்டு மகள், நிப்பாட்டு!" திரை அணைகிறது. வெளியே கடல் மட்டும் இரைகிறது. மாமி, மகன் முனீபுக்கும் சேர்த்து, இன்னொரு வெங்காயத்தை எடுக்கிறாள்.