கீழ்வீட்டுத் தட்டல்

மகள் இருமி முடிப்பதற்குள் தரைக்கு அடியிலிருந்து சத்தம் வந்துவிட்டது. டொக்.

கீழ்வீட்டு டிரைவர்தான். கால் உடைந்து, மாவுக்கட்டோடு தனியாகக் கிடக்கிறார். பாப்பா இருமினால் போதும், எதையோ எடுத்துத் தன் வீட்டு மேல்தளத்தைத் தட்டிவிடுகிறார்.

"ஒரு புகார் வந்தாலும் காலி பண்ணிடணும்" என்று சாவி கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சின்னப் பிள்ளையோடு தனியாக இருப்பவளுக்கு இந்த வீடு கிடைத்ததே பெரும்பாடு. இதையும் விட்டால் போக்கிடம் இல்லை.

தரையில் விரித்த மெத்தையில் இன்னொரு தலையணை வைத்து மகளைச் சாய்த்தாள். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். தொண்டை கட்டியதில் மகளுக்குப் பேச்சே வரவில்லை. படுத்தபடியே குதிகாலால் தரையில் டொக் டொக் என்று தட்டினாள்.

"சும்மா இரு கண்ணு. நீ வேற தட்டினா, அந்த ஆளு மாவுக்கட்டோடயே மாடியேறி வந்துடுவாரு."

மகள் சிரித்தாள். கீழே சத்தம் நின்றது.

நாளெல்லாம் இதே கதை. மூச்சு வாங்குகிறதா, விலா உள்ளே இழுக்கிறதா என்று மகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க ஒரு நாதி இல்லை. காய்ச்சலைவிட அதுதான் அவளை அதிகம் வாட்டியது.

மறுநாள் ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது. இருமலும் அடங்கி, மகள் மத்தியானம் அசந்து தூங்கினாள்.

அப்போது பார்த்து, டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக். பிறகு நிற்கவே இல்லை.

இருமாவிட்டாலும் தட்டுவாரா? சுர்ரென்று கோபம் ஏற, படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள்.

நொண்டிக்கொண்டு வந்து திறந்தவரின் கையில் ஒட்டடைக்கம்பு இருந்தது. அதன் நுனியில் பழந்துணியை மெத்தென்று சுற்றிக் கட்டியிருந்தார்.

வாய்வரை வந்த சண்டையை விழுங்கிக்கொண்டாள். வீடு முக்கியம்.

"பாப்பாவுக்குச் சரியாயிடுச்சு சார், தூங்குறா. இனிமே இருமல் சத்தம் இருக்காது. வீட்டுக்காரர்கிட்ட மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க."

அவர் முகம் மலர்ந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, மெல்ல வாடியது. கம்பைச் சுவரில் சாத்திவைத்தார்.

"அப்ப, 'நல்லாயிருக்கியா'ன்னு நான் ஒரு தட்டு தட்டினா, இனிமே பாப்பா ரெண்டு தட்டு தட்ட மாட்டாளாம்மா?"