தெள்ளுப்பூச்சி

தெள்ளுப்பூச்சி கடித்துக் கணுக்காலெல்லாம் தடித்துப்போனது என்று, மனைவி ஷீலா வளர்த்த பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி, மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தான் இன்பராஜ். அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சமாதானம் செய்யப் போனவனும் அங்கேயே தங்கிவிட்டான். இன்றுதான் இருவரும் திரும்பினார்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் முதலில் அவன் காலை வைத்தான். வைத்ததும் மிளகுப்பொடியைத் தூவியதுபோல அவன் வெள்ளை வேட்டியில் பூச்சிகள் துள்ளி ஏறின. முழங்கால்வரை மொய்த்துக் கடித்தன.

"என்னடி இது? பூனைதான் இல்லையே!"

"அதனாலதான். பூனையோட ரத்தத்தக் குடிச்சிட்டுக் கெடந்துச்சுங்க. இப்ப பட்டினி," என்றாள் ஷீலா வாசலில் நின்றபடியே.

அவன் வெளியே வந்து படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்கினான். 'டக்' என்று வெடித்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"சாக்குக்குள்ள அதுவும் இப்படித்தான் துள்ளுச்சு."

பிறகு ரத்தம் காயாத அந்தக் கையை நீட்டினான்.

"பெட்டியக் குடு. உள்ள வா."

ஷீலா பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த நகங்களையே பார்த்தாள்.